ஜேபிஜி ஆன தங்கச்சி

என் தங்கச்சி செத்து ஒரு வருசம் திரும்புத பூசைக்கு ப்ளக்ஸ் வைக்கணும்னு குதிச்சவன் எங்க அண்ணன். அவ உயிரோட இருக்கையில ஒரு போன் போட்டு விசாரிக்காதவன். செத்த பெறவு தெருமுக்குல ஆளுயரத்துக்கு நிறுத்தணுமாம். எங்க பக்கம் பாசத்தை ப்ளக்ஸ் அகலத்தை வச்சுத்தான் அளப்பாங்க.

அவளோட ஐபோன் அம்மாகிட்ட இருந்துச்சு. புன்னைக்காயல் மாதா கோயில் திருவிழாவுல அம்மாவும் அவளுமா எடுத்த படம் ஒண்ணு அதுல உண்டு. விரலை வச்சு அழுத்துனா கொஞ்ச நேரம் படம் அசையும். "எம்மா, சிரியேன்"னு அவ சொல்லுததும் கேக்கும். அவ குரல்னு எங்களுக்கு மிஞ்சுனது அது மட்டுந்தான். அம்மா ஜெபம் சொல்ல மறந்தாலும் அதை அழுத்த மறக்க மாட்டா.

ப்ளக்ஸ் கடையில அந்தப் படம் தொறக்கல. ஜேபிஜியா கொண்டாங்கன்னுட்டாங்க. அண்ணனுக்கு ஹார்பர் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில வேலை. வருத பேப்பரையெல்லாம் ஜேபிஜியா மாத்திக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, பழைய பைலை அழிச்சிரணும், அதான் அங்க பழக்கம். அதே பழக்கத்துல போன்ல கெடந்த அத்தனை படத்தையும் ஜேபிஜி ஆக்கி உள்ள போட்டுட்டு, பழசை மொத்தமா அழிச்சு, அழிச்சது போய்ச் சேருத இடத்தையும் காலி பண்ணிட்டான். வெளங்காத பய.

அம்மா அழுத்துனா. அசையல. ஜேபிஜியில மூஞ்சி மட்டுந்தான் நிக்கும், அசைவும் குரலும் நிக்காது. திரும்ப அழுத்துனா. "ஏலே, இவ பேச மாட்டேங்காளே"ன்னு அண்ணனைப் பாத்தா.

"மூஞ்சி இருக்குல்லா, பெறவென்ன? செத்தவ பேசித்தான் ஆகணுமா?"ன்னான்.

அவனைக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளணும்போல இருந்துச்சு எனக்கு. இப்பவும் இருக்கு.

பூசையன்னைக்கு ப்ளக்ஸ் நின்னுச்சு. அம்மாவை வெட்டிட்டு அவளை மட்டும் பெருசாக்கியிருந்தான். கீழ அவன் பேரு அவ பேரைவிடப் பெருசு. வந்தவங்க எல்லாரும் படம் தெளிவா விழுந்திருக்குன்னு சொல்லிட்டுப் பிரியாணி சாப்பிடப் போயிட்டாங்க.

எல்லாரும் போன பெறவு அம்மா என்னைக் கிட்ட கூப்பிட்டா. "ஏளா, அக்கா தங்கச்சிக்கு ஒரே குரலுன்னு சொல்லுவாங்கல்லா. அவ சொன்ன மாதிரி ஒருக்க சொல்லு"ன்னா.

"எம்மா, சிரியேன்"னு சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கிட்டு, இன்னொருக்கன்னா. தங்கச்சி இழுத்த மாதிரியே இழுத்துச் சொன்னேன். அம்மா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா.

"போதும் ளா, நீ பேசாத. எனக்கு ஞாபகத்துல இருக்க அவ குரல் கொஞ்சமும் மறந்துரும்."