கணுக்கால் அளவுத் தண்ணீர்

அந்த யோசனை எனக்கு உதித்தபோது ஒரு மனிதர் என் காலடியில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விம்கோ நகரில் எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறவர்கள் பெயிண்ட் பக்கெட்டுகளில் காய்த்துத் தொங்கும் மிளகாயையும் கத்தரியையும் பார்க்கிறார்கள். மேலே தண்ணீர் ஊற்றாமல், அடியில் வைத்த தட்டிலிருந்தே செடி குடித்துக்கொள்கிறது என்றதும், "இந்த ஐடியா ஒனக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். எங்கேயோ படித்தேன் என்பேன். பொய். என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்த கையோடு மாத்தூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் டாக்குமெண்டேஷன் வேலை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். எல்லோரையும் போல நானும் மேஸ்திரி அண்ணன் என்றே கூப்பிடுவேன். நாற்பது வயது ஆகவில்லை, கழுத்தே தெரியாத உடம்பு. அந்த யார்டில் எல்லாமே இரும்பு, எல்லாமே ஆளைத் தேடி வரும். சங்கிலி அறுந்தால் தலை உயரத்தில் சுழன்று வரும். வேறொரு கேங்கில் ஃபோர்க்லிஃப்ட்டின் கொம்பு மரப்பெட்டியைக் குத்தி, அந்தப் பக்கம் நின்றவனின் தொடையில் இறங்கியதை நான் சேர்ந்த முதல் மாதமே பார்த்துவிட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் மேஸ்திரி அண்ணனின் அக்கறையும் அடியாகத்தான் விழும். தொங்கும் சுமைக்குக் கீழே குறுக்கே நடந்த ஒருவனை ஓடிப்போய்ப் பிடரியில் அறைந்து தள்ளினார். "நீ பூட்டீனா ஒன் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்றது, கஸ்மாலம்?" அவரிடம் அறை வாங்காத ஆள் அவர் கேங்கில் கிடையாது. விரல் போன ஆளும் கிடையாது.

அந்த வருஷ மழையில் யார்டின் பள்ளமான மூலையில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. வடிந்ததும் அங்கே இருந்த ஒரு கண்டெய்னரைத் திறந்து சேதம் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே தேங்காய் நார்த்தூள். கோகோபீட் என்று விற்கிறார்களே, அதுதான். மெஷினில் நசுக்கி, செங்கல்போலக் கட்டியாக்கி, தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்தார்கள். நனைந்த கண்டெய்னரை மேஸ்திரி அண்ணன் கையால் திறப்பதே இல்லை. தாழ்ப்பாள் தண்டில் கயிறு கட்டி, மறுமுனையை ஃபோர்க்லிஃப்ட்டில் மாட்டி, ஆட்களை விரட்டிவிட்டு, தூரத்திலிருந்து இழுக்கச் சொல்வார். அன்றைக்கு ஃபோர்க்லிஃப்ட் வேறு ஷெட்டில் மாட்டிக்கொண்டது. சேதம் எழுத வந்த சர்வேயர் பையைத் தோளில் போட்டுவிட்டார். மேஸ்திரி அண்ணன் கதவைக் கம்பியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"இரு பாப்பா. ரோப்பு வர்ட்டும். உள்ள இன்னாவோ முக்கிகினு கீது."

நான் அவசரக்காரி. "தேங்கா நாருதானேண்ணே! பஞ்சு மாதிரி. உள்ள இன்னா குண்டா வெச்சிக்கிறாங்க? சர்வேயர் போய்ட்டா இன்னொரு நாள் பூரா வேஸ்டு. தொறண்ணே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னா மேஸ்திரி, நாருக்குப் பயந்துகினியா?"

அவரும் சிரித்தார். "டாக்குமெண்டே சொல்லிடுச்சி. அப்புறம் அப்பீல் ஏது?" என்று தண்டைத் தூக்கினார்.

கதவு திறக்கவில்லை, பாய்ந்தது. தண்டின் நுனி அவர் தாடையைப் பெயர்த்தது. பின்னாலேயே வந்த கதவு அவர் வலது முழங்கையைப் பக்கத்துக் கண்டெய்னரோடு வைத்து நசுக்கியது. எலும்பு உடைந்த சத்தம் இரும்புச் சத்தத்துக்குள்ளும் தனியாகக் கேட்டது. அதற்கப்புறம்தான் ஊறி உப்பிய நார்த்தூள் சரிந்து வந்து அவரை இடுப்பு வரை மூடியது. ஆட்கள் கைகளால் தோண்டினார்கள். நான் குனிந்தேன். குனிந்தவள் அவரைப் பார்க்கவில்லை. கண்டெய்னரின் உள் சுவரில் தண்ணீர் நின்ற கோடு கணுக்கால் உயரத்தில் இருந்தது. நார்த்தூளோ முட்டிக்கு மேலே வரை கறுத்து ஈரமாக இருந்தது. ஊற்ற ஆளில்லாமல், கீழே கிடந்த கொஞ்சத் தண்ணீர் தானாகவே அத்தனை உயரம் ஏறியிருக்கிறது. ஒரு பக்கெட்டில் இதை நிரப்பி அடியில் மட்டும் தண்ணீர் வைத்தால்? அவ்வளவுதான், ஒரு மூச்சு விடும் நேரம். திரும்பினால், மூன்று பல் போன வாயோடு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ரிப்போர்ட் அடிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். உரிய பாதுகாப்பு முறையைப் பின்பற்றாமல், யாரும் சொல்லாமலேயே, மேஸ்திரி தாமாகக் கதவைத் திறந்தார் என்று. 'நேரில் கண்டவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. டைப்பிங்கில் நான் வேகம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையில் கட்டோடு, குழறிக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீ என்னிய பாக்கல பாப்பா. நாரப் பாத்துகினு இருந்தே."

கண்டெய்னரிலிருந்து குப்பையில் கொட்டியதில் நான்கு மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெட்கமில்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. பக்கெட்டின் அடியில் ஓட்டை போட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைத் துளைகளோடு கால்போல இறக்கி, டம்ளருக்குள்ளும் நார்த்தூளை அழுத்தி நிரப்பித் தண்ணீர்த் தட்டில் நிற்க வைத்தேன். முதல் தடவை ஏறவே இல்லை. காய்ந்த நார்த்தூள் தண்ணீரைத் தள்ளிவிடும், முதலில் ஒருமுறை முழுக்க நனைத்துப் பிசைய வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. இரண்டாவது தடவை ஜோராக ஏறியது. இருபதே நாளில் மேற்பரப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, மிளகாய்க் கன்றுகள் ஓரம் கருகிச் செத்தன. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, நார்த்தூளிலும் உப்பு. கீழிருந்து ஏறுகிற தண்ணீர் உப்பையும் தூக்கிக்கொண்டு போய், தான் ஆவியாகிவிட்டு, உப்பை மட்டும் செடியின் கழுத்தில் விட்டுவிடுகிறது. அதனால் நார்த்தூளை மழைத் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். மாதம் ஒருமுறை தட்டை எடுத்துவிட்டு மேலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை இறக்கினேன். கொசு வராமல் தட்டை வலைத்துணியால் மூடினேன். மூன்றாவது தடவை காய்த்தது. காய்த்த அன்று மாடியில் தனியாகக் குதித்தேன். குதித்து முடித்ததும் அந்த முழங்கைச் சத்தம் கேட்டது.

மேஸ்திரி அண்ணனுக்குக் கம்பி வைத்துத் தைத்தும் அந்தக் கை எழவில்லை. அவர் இடது கையால் எழுதப் பழகினார். நோட்டு நோட்டாக எண்களை எழுதிப் பழகி, சரக்கைக் கணக்கெடுக்கும் டாலி வேலையாவது கொடுங்கள் என்று யார்டில் வந்து கேட்டார். மேனேஜர் ஃபைலைத் திறந்து அந்த ரிப்போர்ட்டைக் காட்டினார். கவனமில்லாத ஆளை உள்ளே விட முடியாதாம். நான் நான்கடி தள்ளி என் மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கெட் செடிகளைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரில் அவர் வீட்டுக்குப் போனேன். எவ்வளவு படித்தாலும் புத்தி இப்படித்தான் போகிறது.

மூன்றாவது மாடி. அண்ணி எக்ஸ்போர்ட் துணி கம்பெனியில் வேலை செய்துவிட்டு வந்து, லாரித் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கி ஏற்றுகிறவர். அவருக்குச் செடி என்றால் ஆசை என்று எனக்குத் தெரியும்.

"இன்னாது?" என்றார் அண்ணன்.

"மொளகா செடிண்ணே. அஞ்சு நாளுக்கு ஒருக்கா தட்டுல ஒரு சொம்பு ஊத்துனா போதும். அதுவே கீழேருந்து குடிச்சுக்கும்."

இடது கையால் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தார். "நாரு."

"நல்லா கழுவுனதுண்ணே."

"என் கைக்குப் பதிலா பக்கெட்டு எத்துகினு வன்ட்டியா?"

ஒற்றைக் கையால் பக்கெட்டைப் பிடித்துத் தூக்கி, பால்கனிக்கு வெளியே விட்டெறிந்தார். கீழே யாருடைய பைக்கிலோ விழுந்து கண்ணாடி நொறுங்கியது. பைக்குக்காரர் கட்டையோடு மாடிப்படி ஏறி வந்தார். பேச்சே கிடையாது. முதல் அடி கம்பி வைத்த முழங்கையில் விழுந்தது. அண்ணன் ஊளையிட்டபடி அவர் மேல் பாய்ந்து, தலையால் முட்டி, தோளைக் கடித்தார். இரண்டு பேரும் சுவரில் மோதி உருண்டார்கள். தடுக்கப் போன என் புருவத்தில் யாருடைய முழங்கையோ பட்டுக் கிழிந்தது. அண்ணி எவர்சில்வர் குடத்தைத் தூக்கி, தண்ணீரோடு சேர்த்து, பைக்குக்காரர் முதுகில் போட்டார். கட்டை மறுபடி ஓங்கியது. நான் கத்தினேன்.

"அந்தக் கைய அடிக்காதீங்க! அத ஒடச்சதே நான்தான்! நான்தான் கதவத் தொறக்கச் சொன்னேன்! ரிப்போர்ட்டுல பொய்யா எழுதுனதும் நான்தான்!"

கட்டை அப்படியே நின்றது. பைக்குக்காரருக்கு மூச்சு வாங்கியது. "இன்னாமா ஒளர்ற? அப்ப என் வண்டி மேல போட்டது யாரு?"

மேஸ்திரி அண்ணன் எழுந்து என் எதிரே வந்து நின்றார். அறையப் போகிறார் என்று கண்ணை மூடப் போனேன். அவருடைய வலது தோள் மட்டும் ஒருமுறை துடித்தது. கை தொங்கியபடியே இருந்தது. அதைக் குனிந்து அவரே பார்த்தார், மறந்துபோனதுபோல. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இங்க இன்னாத்துக்குக் கத்துற? இவனா எனுக்கு வேல குடுக்கப் போறான்? அங்க போய்ச் சொல்லு."

மிச்சம் இருந்த பக்கெட்டை அண்ணி சமையல் மேடைப் பக்கம் இழுத்து வைத்தார். "இது இருக்கட்டும். இது யார இன்னா பண்ணுச்சு?" என்றவர், என் புருவத்தில் ஈரத்துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "நீ கெளம்பு. அங்க சொல்லிட்டு வா. அப்பால வந்தா டீ போட்டுத் தரேன்."

ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். டைப் அடிக்கவில்லை, கையால் எழுதுகிறேன். கயிறு வரட்டும் என்று அவர் சொன்னதையும், திற என்று நான் சொன்னதையும், ரிப்போர்ட்டை யார் சொல்ல யார் அடித்தது என்பதையும் எழுதிவிட்டேன். இரண்டு பிரதிகள். மேனேஜர் இதை வாங்கிக்கொள்வாரா, என் கணக்கை முடித்து அனுப்புவாரா என்று தெரியவில்லை. நாளைக்குக் காலை அவர் வந்து உட்கார்ந்ததும் ஒரு பிரதியை மேஜையில் வைத்து, இன்னொன்றில் 'பெறப்பட்டது' என்று முத்திரை கேட்கப் போகிறேன். மறுத்தால், ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் நின்று, அன்றைக்குச் சுற்றி நின்ற ஆட்கள் ஒவ்வொருவரிடமும் சாட்சிக் கையெழுத்து கேட்பேன். ஏழு பேர். முதலில் யாரிடம் போவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.