ஓடக்கூடாதாம்

என் மனைவி ஊரை ஓட வைத்துச் சம்பாதிக்கிறவள். நான் ஊரை உட்கார வைத்துச் சம்பாதிக்கிறவன். அவள் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். எனக்கு சோபா, நாற்காலிகளுக்குப் பஞ்சு வைத்து உறை தைக்கும் கடை. எங்கள் கல்யாணத்தின்போதே இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டார்கள். நீங்கள் புதிதாகச் சிரிக்க வேண்டாம்.

பள்ளியில் அவளுக்கு 'விசில்' என்று பெயர். பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். மழையோ வெயிலோ, காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டுத்தான் மற்ற வேலை. ஐம்பதைத் தாண்டிய பிறகும், பின்தங்குகிற பிள்ளைகளின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு திட்டுவாள். நின்ற இடத்திலிருந்து திட்டினால் உறைக்காதாம்.

அப்படிப்பட்டவள் விளையாட்டு நாள் ஒத்திகையில் அப்படியே சரிந்து விழுந்தாள். பள்ளியிலிருந்து போன் வந்தபோது ஒரு வக்கீலின் நாற்காலியைப் பிரித்துப் போட்டிருந்தேன். சட்டையில் குத்திய ஊசியும் தொங்கும் நூலுமாக ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். திடீர் திடீரென்று நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொள்வது அவளுக்கு ஒரு வருஷமாகவே இருந்தது என்று அங்கேதான் தெரிந்தது. என்னிடம் மூச்சு விடவில்லை.

"சொன்னா என்னை வீட்டுலயே கட்டிப் போட்டுடுவீங்க" என்றாள்.

கட்டித்தான் போட்டிருப்பேன்.

இதயத்தை அடிக்க வைக்கிற மின்சாரம் இவளுக்கு ஒரு குறுக்கு வழியிலும் ஓடுகிறது என்றார் டாக்டரம்மா. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை கொண்டுபோய், அந்தக் குறுக்கு வழியில் சூடு வைத்து அடைத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பல் பிடுங்கியபோது நான் இதைவிட அதிக நாள் படுத்திருந்தேன். தொடைக் காயம் ஆறும்வரை கனம் தூக்கக்கூடாது. அப்புறம் மெதுவாக நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மறுபரிசோதனைக்குப் பிறகுதான் ஓட்டம். அதுவரை நடக்கும்போது யாராவது கூடப் போங்கள் என்றார்கள்.

அந்த 'யாராவது' நான்தான். கடைக்கும் வீட்டுக்கும் நடப்பதையே பெரிய சாதனையாக நினைத்திருந்தவன், புது ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினேன். மருந்துக் கடை, தபால் நிலையம், பாலம், திரும்பி வீடு. முதலில் அவளுக்கே தயக்கம் இருந்தது. பாலத்து ஏற்றத்தில் நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலும் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். என் முகத்தில் என்ன தைரியம் இருக்கும்? அது அவளைவிட அரண்டு போயிருக்கும். நாளாக நாளாக அவளுக்குத் தயக்கம் விட்டுப்போனது. எனக்கு விடவில்லை. அவள் வேகம் எடுக்கிற நேரம் பார்த்து என் ஷூ நாடா அவிழும். தெருவோரத்தில் யாராவது தூக்கிப் போட்ட நாற்காலி கிடந்தால் நின்று ஸ்பிரிங்கை அழுத்திப் பார்ப்பேன். எதிரே முகம் தெரிந்தவர் யார் வந்தாலும் நிறுத்தி, அவர் வீட்டுப் பூனை வரைக்கும் நலம் விசாரிப்பேன்.

"ஆமைகூட நம்மளத் தாண்டிப் போயிடும்" என்பாள்.

"போகட்டும். அதுக்கு நூறு வயசு ஆயுசு" என்பேன்.

மறுபரிசோதனையில் அவளை டிரெட்மில்லில் ஏற்றி, வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் அவள் உடை மாற்றப் போனாள். டாக்டரம்மா என்னிடம், "ரொம்ப நல்லா இருக்காங்க. இனி மெல்ல ஓட ஆரம்பிக்கலாம். தலை சுத்தினாலோ நெஞ்சு வலிச்சாலோ நிறுத்திட்டு உடனே வரணும், அவ்வளவுதான்" என்றார்.

"நடந்தாப் போதும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர். நீங்க சொன்னா கேப்பா."

"எதுக்கு சார்? அவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றார். அதற்குள் வார்டிலிருந்து ஆள் வந்து அவரை அவசரமாக அழைத்துக்கொண்டு போனார்.

அவள் வந்து, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"ஓடக்கூடாதாம்" என்றேன்.

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே நடை மட்டும்தானாம்."

யோசித்துச் சொன்னதல்ல. வாய் முந்திக்கொண்டது. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் ஷூ நாடாவுக்கு வேலையே இல்லை. அவளே மெதுவாகத்தான் நடந்தாள். பாலம் வேண்டாம், இப்படியே திரும்பிடலாம் என்றாள். வீட்டில் யாரையும் திட்டவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில் என்னிடம், "அம்மா ஏம்ப்பா இவ்வளவு நல்லவங்களா ஆயிட்டாங்க? பயமா இருக்கு" என்றாள்.

அவளுடைய மருத்துவ லீவு முடிகிற சமயம், ஒரு மாலை அவள் கடைக்கே வந்தாள். தைத்து முடித்த சோபா ஒன்றில் உட்கார்ந்து, உறையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"நாளைக்கு எச்.எம்.மைப் பார்க்கப் போறேன். லைப்ரரியைப் பார்த்துக்கறேன்னு சொல்லிடறேன். ஓட முடியாதவ ஓரமா நின்னுக்கிட்டு புள்ளைங்கள ஓடுங்கடின்னா நல்லாவா இருக்கு? விசிலப் புதுசா வர்ற டீச்சர்கிட்ட குடுத்துடறேன்."

அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. மின்சாரக் கட்டணம் கட்டப் போகிறேன் என்பது போலச் சொன்னாள். இவள் எனக்கு வேண்டும் என்றுதான் பொய் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தால் அவளாகவே இல்லை.

கையிலிருந்த சுத்தியலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "டாக்டர் அப்படிச் சொல்லல. ஓடலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

சோபாவிலிருந்து எழுந்தாள். பிறகு திட்டினாள். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "பயந்தா பயம்னு சொல்லணும். அதுக்கு என் பொழப்பையே முடிச்சு வெப்பீங்களா?" என்றாள். அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு டாக்டரம்மாவிடமே கேட்டு உறுதி செய்துகொண்டாள். என் வார்த்தைக்கு மிஞ்சிய மரியாதை அவ்வளவுதான்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிடாமல் கிளம்பினாள். நானாகப் பின்னால் போனேன். பள்ளி மைதானத்தின் ஓட்டப் பாதை ஓரிடத்தில் கட்டடத்துக்குப் பின்னால் போகிறது. அங்கே ஓடுகிறவரை இங்கிருந்து பார்க்க முடியாது. மெல்ல ஆரம்பித்தாள், ஒரே சீராகப் போனாள், சுவருக்குப் பின்னால் மறைந்தாள். என் உயிர் என்னிடம் இல்லை. போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு எட்டு வைத்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் வைத்தேன். ஒரு சுற்றுக்கு இவ்வளவு நேரமா ஆகும்?

மறுபக்கத்திலிருந்து வந்தாள். முகமெல்லாம் வியர்வை, இரைக்க இரைக்க. நேராக என்னிடம் வந்து, என் விரல்களைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்து அழுத்தினாள். தடதடவென்று அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

"எடுக்காதீங்க. முன்னாடியெல்லாம் இந்தப் படபடப்பு வந்துச்சுன்னா, நின்னாலும் படுத்தாலும் இறங்காது. இப்போ பாருங்க."

மூச்சு வாங்கிக்கொண்டு அவள் நின்றாள். மூச்சு விடாமல் நான் நின்றேன். விரலுக்கடியில் அடி கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். யாரும் எதுவும் செய்யாமல், தானாக, படிப்படியாக நிதானத்துக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டப்பகலில், பள்ளிக்கூட வாட்ச்மேன் பார்க்க அழுதேன்.

"நான் இன்னும் உங்களோட பேசல. இது வேற" என்றாள்.

சொன்னாளே தவிர, என் கையைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.