பதினெட்டு முழச் சுவரும் கழித்த துணியும்

மார்கழி பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, விடிந்து ஐந்து நாழிகை. இரவெல்லாம் பெய்த மழை நின்று, வாடைக்காற்று ஏரியின் மேலிருந்த மேகங்களைத் தெற்கே ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் என் மனைவி தெய்வானை பழஞ்சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள். பாயைத் திருப்பிப் போட்டு, கூடத்துச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். அவள் பழவேற்காட்டுக்கு வந்து ஆறு மாதமாகிறது. ஒரு நாளும் அந்தச் சுவரைப் பார்த்து அவள் சாப்பிட்டதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் அப்படி இருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"உந்தச் சுவரைப் பாத்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை. செத்த வீட்டு வெள்ளை மாதிரிக் கிடக்குது" என்றாள்.

நம் ஊரான கொழும்புத்துறையில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கும், கொம்பனி வேலை என்று நாகப்பட்டினம், கொச்சி, பத்தாவியா எனச் சிதறிப்போன நம்மவர்க்கும் அந்தச் சுவரைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் இங்கே ஒல்லாந்தரின் கந்தோரில், அவர்கள் துணி வாங்கும் அலுவலகத்தில், துணி எண்ணி எழுதுகிறவன். நாலு வருஷமாக இதுதான் வேலை. குடியிருக்கக் கொடுத்தது ஒரு பழைய துணிக் கிடங்கு. நடுவே தடுப்பு வைத்து அடுப்படியும் படுக்கையறையும் ஆக்கினார்கள். மீதி ஒரே கூடம். அதன் கிழக்குச் சுவர் பதினெட்டு முழ நீளம், எட்டு முழ உயரம். சன்னல் இல்லை, மாடம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை அரைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் கையால் தடவிப் பார்த்து மெச்சுவார்கள். தெய்வானை தடவவுமில்லை, மெச்சவுமில்லை.

நம் வீட்டுச் சுவர்கள் உங்களுக்குத் தெரியும். பாதி மண், மேல்பாதி ஓலைத் தட்டி. அதிலே வெறுமை என்பது கிடையாது. சுளகு ஒரு பக்கம், நார்ப்பெட்டி ஒரு பக்கம், நாலு பெண்பிள்ளைகளின் சட்டைகள், உறியில் மோர், செருகிவைத்த அரிவாள், யாரோ ஒரு பிள்ளை கரியால் இழுத்த கோடு. நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே எதைப் பார்த்தாலும் அது ஒருவருடையதாக இருக்கும். நாலு பெண்களும் ஒவ்வொருவராகக் கலியாணமாகிப் போனபோது அவரவர் பொருள்கள் சுவரிலிருந்து இறங்கின. கடைசி மகள் போன பிறகு, வந்து என்னோடு இரு என்று தெய்வானைக்கு எழுதினேன். அவள் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றில் தோணியேறி வந்தாள். வந்த அன்றே துறையில் நின்று, தோணியை ஓட்டிவந்த தண்டலின் கையில் மூன்று பணத்தை வைத்தாள். அடுத்த வாடைக்குத் திரும்புகிற பயணத்துக்கு அச்சாரம். "பிடிச்சால் இருப்பன். பிடிக்காட்டில் தை முடியமுன்னம் உங்கட தோணியிலை ஒரு இடம்" என்று என் முன்னாலேயே அவரிடம் சொன்னாள்.

ஆறு மாதம் நான் அந்த மூன்று பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அறுபத்து மூன்று வயதில் மறுபடி தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டு படுக்க எனக்கு விருப்பமில்லை. 'போகாதே, இரு' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முப்பத்தெட்டு வருஷத்தில் அவளிடம் அப்படி எதுவும் சொல்லிப் பழகவில்லை. அதனால் சுவரை நிரப்ப நினைத்து அளந்தேன்.

முதலில் ஒரு தட்டு வாங்கினேன். காய்ச்சலில் இறந்துபோன ஒல்லாந்த வியாபாரி ஒருவரின் சாமான்களைக் கோட்டை வாசலில் ஏலம் விட்டார்கள். ஒல்லாந்தர் வீடுகளில் நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டுகளைச் சுவரில் வரிசையாக மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வரிசைக்கு என்னிடம் வழியில்லை. விளிம்பு உடைந்த ஒன்று மூன்று பணத்துக்கு வந்தது. ஐந்து காசுக்கு ஆணி வாங்கி அடித்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. கொத்தனைக் கூப்பிட்டுப் பூசி, ஆணியை நிறுத்தி, தட்டைத் தொங்கவிட இன்னொரு பணம். தள்ளி நின்று பார்த்தோம்.

"பாலிலை ஈ விழுந்த மாதிரிக் கிடக்குது" என்றாள் தெய்வானை.

அவள் சொன்னது சரி. அதுவரை வெறுமையாக இருந்த சுவர், தட்டு வந்த பிறகு எவ்வளவு வெறுமை என்பதைத் தானே காட்டத் தொடங்கியது. அவள் பாயை இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கந்தோரில் ஒரு பெரிய கழிப்பு நடந்தது. எங்கள் வேலையின் முறையைச் சொல்கிறேன். ஒல்லாந்திலிருந்து காகிதத்தில் எழுதிய மாதிரி ஒன்று வரும். அவர்கள் அதை மொன்ஸ்தர் என்பார்கள். அதைச் சாயக்காரர்கள் கொண்டுபோய், அதில் உள்ளது உள்ளபடி துணியில் கையால் எழுதிச் சாயமேற்றிக் கொண்டுவர வேண்டும். ஒரு இலை குறைந்தாலும் துணியைக் கழித்துவிடுவார்கள். அன்று முனிரத்தினம் என்ற சாயக்காரர் பதினாறு துணி கொண்டுவந்தார். ஒரு மேட்டின் மேல் பூமரம், கிளைகளில் கிளிகள். அழகான வேலை. ஆனால் பதினாறிலும் மரத்தின் அடியில், மேட்டின் மேல் படர்ந்து, நீலமும் பழுப்புமாக ஒரு வளைந்து வளைந்த உருவம். அதற்குள்ளே மூன்று சிறு திட்டுகள். துணி பார்க்கும் துரை மாதிரிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கப்பலில் வரும்போது பெட்டிக்குள் கடல்தண்ணீர் புகுந்து காகிதத்தில் பிடித்த கறை அது. முனிரத்தினத்தின் ஆட்கள் கறையையும் ஒரு மயிரிழை விடாமல் பதினாறு தடவை எழுதியிருந்தார்கள். கறையின் ஓரம் மங்கிப்போகிற இடத்தில் சாயத்தையும் மங்கவிட்டிருந்தார்கள்.

துரை பதினாறையும் கழித்தார். முனிரத்தினம் வெளியே வந்து வேப்பமரத்தடியில் துணிகளைப் போட்டுவிட்டுக் கத்தினார்.

"மாதிரில இருக்கறத வுட்டா 'இன்னாத்துக்கு வுட்டே'னு கழிப்பாங்க. போட்டா 'இன்னாத்துக்குப் போட்டே'னு கழிக்கிறாங்க. அழுக்குனா அழுக்குனு எழுதி அனுப்பக் கூடாதா?"

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று. ஒரு துணி பத்து முழ நீளம், ஏழு முழ உயரம். நடுவில் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் நாலு நாலு முழம்தான் மிஞ்சும். பக்கத்தில் போய், "இதிலை ஒண்டு எனக்கு வேணும்" என்றேன்.

"யாருக்கு நைனா?"

இந்த ஊரில் வயதானவர்களை நைனா என்பார்கள். நாலு வருஷமாகியும் அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகிறது.

"வீட்டுக்காரிக்கு" என்றேன். "தை முடியமுன்னம் வேணும். அதுக்குப் பிறகு அவ இருக்கமாட்டா."

முனிரத்தினத்தின் முகம் மாறியது. "நாள் குறிச்சாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குறிச்சாச்சு. அச்சாரமும் குடுத்தாச்சு."

"அச்சாரமுமா!" என்று அவர் தலையில் கை வைத்தார். பிறகு துணிகளில் சாயம் நன்றாகப் பிடித்த ஒன்றாகப் பார்த்து எடுத்து மடித்தார். எட்டுப் பணம் சொல்லிப் பேரம் பேசுகிற மனிதர், "நாலு குடு, போதும். நல்லபடியா அனுப்பி வை" என்றார். தோணிப் பயணத்துக்கு இவ்வளவு கரிசனமா என்று வியந்துகொண்டே வந்தேன். வசதியுள்ளவர்கள் பாடைக்கு மேலே இப்படிப்பட்ட துணியைப் போர்த்துகிற வழக்கம் இந்த ஊரில் உண்டென்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆணி வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு பணத்துக்கு மூங்கிலும் கயிறும் வாங்கி, துணியின் மேல்விளிம்பை மூங்கிலில் தைத்து, கூரை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். தைத்தது தெய்வானை. துணி விரிந்து இறங்கியதும் கொஞ்சநேரம் பார்த்தாள். "மரம் வடிவு" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சாப்பாட்டுக்குப் பாய் பக்கவாட்டில் கிடந்தது. அரைத் திருப்பம் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் ஒப்பாரி கேட்டது. எட்டிப் பார்த்தால் எல்லம்மா. கூனங்குப்பத்திலிருந்து இறாலும் நண்டும் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்கிறவள். ஆறு மாதமாகத் தெய்வானைக்கும் அவளுக்கும் விரல் பாஷைதான். இவள் பேசுவது அவளுக்குப் பாட்டு மாதிரி இருக்குமாம், அவள் பேசுவது இவளுக்குச் சண்டை மாதிரி இருக்கும். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள். எல்லம்மா கையில் மூடிய சட்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே வந்தாள். கூடத்தின் நடுவில் தெய்வானை சுளகில் மாவைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லம்மா நின்றுவிட்டாள். "அய்ய! எழுந்து குந்திக்கினு கீறாங்க!" என்றாள்.

"இஞ்சருங்கோ, இவை ஏன் அழுகினம்?" என்றாள் தெய்வானை.

"நைனா, சாயக்காரு சொன்னாரே. அம்மாவுக்கு நாள் குறிச்சாச்சு, குழி தோண்ட அச்சாரம்கூடக் குடுத்தாச்சுனு. நான் நண்டு ரசம் வச்சுக்கினு ஓடியாறேன்!"

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் தெய்வானைக்குச் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள். கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று எண்ண முயன்றேன். முடியவில்லை. எல்லம்மாவும் சிரித்தாள். "சாவு வூட்டுக்கு வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடும்மா" என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோதுதான் சுவரைப் பார்த்தாள்.

"இன்னாது, எங்க ஏரிய எழுதி வச்சிருக்கீங்க?"

எழுந்து போய்க் கறையின் மேல் விரலை வைத்தாள். "தோ முகத்துவாரம். இது இருக்கம் தீவு. இது பசியாவரம். இந்தப் பொட்டுக்கு இந்தாண்ட எங்க குப்பம்."

தெய்வானையும் எழுந்து போனாள். முதல் தடவையாக அந்தச் சுவரின் பக்கத்தில் நின்றாள். கறையை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு எல்லம்மாவின் விரலைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, அதே திட்டின் மேல் தன் விரலை வைத்தாள்.

"விசர்க் கதை! உது மண்டைதீவு. நான் பிறந்த இடம். இதாலைதான் வள்ளத்திலை கலியாணமாகி வந்தனான். இஞ்சாலை கொழும்புத்துறை."

"இருக்கம்!"

"மண்டைதீவு!"

எனக்கு அந்த வள்ளம் நினைவுக்கு வந்தது. பதினெட்டு வயதுப் பெண். அலையைப் பார்த்துப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு, என் வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கரை வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகும் விடவில்லை. இப்போது அவள் ஒரு கழித்த துணியின் முன்னால் நின்று, பாதி விளங்காத தமிழ் பேசும் ஒரு மீன்காரியோடு கடலுக்காகச் சண்டை பிடிக்கிறாள்.

அதன் பிறகு எல்லம்மா தினமும் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வருகிறாள். சண்டை விட்ட இடத்தில் தொடங்குகிறது. கறையின் வடக்கு மூலையில் வலை போட்டால் என்ன மீன் விழும் என்று அவள் சொல்வாள். அங்கே சேறு, நடந்தே போகலாம் என்று இவள் சொல்வாள். பாய் இப்போது சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. நான் முனிரத்தினத்திடம் போய், என் மனைவி சாகவில்லை என்று சொல்லி மீதி நாலு பணத்தைக் கொடுத்தேன்.

"அம்மா நூறு வருஷம் இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார். பிறகு எண்ணிப் பார்த்தார்.

தை இருபத்தாறாம் தேதி தண்டல் வந்தார். காற்று நன்றாக இருக்கிறது, சனிக்கிழமை பாய் ஏற்றுகிறோம், சாமான் கட்டியாச்சா என்று கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'இரு' என்ற சொல் வாய்வரை வந்தது. தெய்வானை என்னைப் பார்த்தாள். அது வாய்க்குள் நிற்பதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"இந்த முறை வரேல்லை, தண்டல்" என்றாள்.

"அச்சாரம் திருப்பித் தரமாட்டன், அக்கா. பிறகு சொல்லக்கூடாது."

"திருப்பித் தரவேண்டாம். அது உங்களிட்டையே இருக்கட்டும். அடுத்த வாடைக்குப் பாப்பம்."

அவர் போன பிறகு நான் கேட்டேன், அந்த மூன்று பணத்தைச் செலவு என்று எழுதுவதா, கையிருப்பு என்று எழுதுவதா என்று. "உங்கடை இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவள் சோறு போட்டாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். மேற்குச் சன்னல் வழியாக வந்த வெயில் கறையின் மேல் விழுந்து, நீலம் தண்ணீர் மாதிரி மினுங்கியது. அதன் கரையில் ஏழு வளைவுகள். எண்ணிவிட்டேன். நம் கடலுக்கு எத்தனை வளைவு, இந்த ஏரிக்கு எத்தனை என்று யோசித்தேன். இரண்டையும் எத்தனையோ தடவை பார்த்த எனக்கு இரண்டும் தெரியவில்லை. அது எந்தத் தண்ணீர் என்று இந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாமல் இருப்பதே எனக்கும் நல்லது.

தட்டு, ஆணி, பூச்சு, மூங்கிலும் கயிறும், துணிக்கு முன்னும் பின்னுமாகக் கொடுத்தது, தண்டலிடம் நிற்கிற மூன்று பணம், எல்லாம் சேர்த்து அந்தச் சுவருக்கு ஆனது பதினாறு பணம், ஐந்து காசு.