தலையணை உறையில் மீனின் கையெழுத்து

கட்டாரில் பல வருசம் பாரவண்டி ஓட்டிவிட்டு முத்தலிப் காத்தான்குடிக்குத் திரும்பியபோது மகள் றிஸ்லாவுக்கு எட்டு வயது. போனில் 'வாப்பா, வாப்பா' என்று வாயோயாமல் கதைத்த பிள்ளை, நேரில் கண்டதும் உம்மா சபூராவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். போகப் போகப் பழகிவிடுவாள் என்றார்கள். மாதங்கள்தான் போயின. அவன் கூடத்துக்குள் வந்தால் அவள் மெல்ல எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஊரில் கிடைத்த வேலையும் அவன் நினைத்ததாக இல்லை. பள்ளி விடுமுறைக்கு மட்டக்களப்பு வாவியில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு உலாப் போகும் படகில் வேடம் போடும் வேலை அது. அதில் நண்டாக ஒருவர், கொக்காக ஒருவர், மீனாக முத்தலிப். பிள்ளைகளோடு ஆட வேண்டும், படம் எடுக்க நிற்க வேண்டும், அவர்கள் ஞாபகத்துக்கு நீட்டும் தொப்பியிலும் பையிலும் கையெழுத்து வைக்க வேண்டும். வேடத்தோடு வாய் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. கேட்டவர்களிடம் "படகில வேலை" என்று மட்டும் சொல்லிவைத்தான். சபூராவுக்குத் தெரியும். மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றிருந்தான்.

ஒரு சனிக்கிழமை சபூரா அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மகளோடு படகில் ஏறிவிட்டாள். மீன் வேடத்தின் வாயில் பார்ப்பதற்குத் தைத்திருந்த வலைக்குள்ளால் இருவரையும் கண்டதும் முத்தலிப் கொக்கின் பின்னால் போய் நின்றான்.

றிஸ்லாவின் கையில் உம்மா தைத்துக் கொடுத்த இரண்டு வெள்ளைத் தலையணை உறைகள். நண்டிடமும் கொக்கிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மீனிடம் வந்தாள்.

"பெரிசாப் போடுங்க. நான் இதுலதான் படுப்பன்."

அவன் 'மீன்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு வாலும் கீறினான். அவள் அவனுடைய பஞ்சு வயிற்றைக் கட்டிப்பிடித்தாள். பிறகு மற்ற உறையை விரித்தாள்.

"இது எங்கட வாப்பாக்கு. முத்தலிப்புக்கு எண்டு எழுதுங்க."

மீன் அசையாமல் நின்றது. ஏன் என்று கேட்பதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

"அவருக்கு என்னோட கதைக்க வெக்கம் போல. சாப்பிட்டியா, படிச்சியா எண்டு கேட்டுப்போட்டுப் போயிருவார். இதக் குடுத்தா சந்தோசப்படுவார்."

பிள்ளை தன்னை ஒதுக்குகிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அவளோ வாப்பா ஒதுங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள். சொன்னதில் பிழையும் இல்லை. அந்த இரண்டு கேள்விக்கு மேல் அவன் எதையும் கேட்டதில்லை. தன் பெயரைத் தானே எழுதியபோது எழுத்துகள் கோணின.

படகு முகத்துவாரம் போய்த் திரும்பும்வரை அவள் மீனின் செட்டையை விடவில்லை. அவனுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கூடவே அந்த மீன்மேல் பொறாமையாகவும் இருந்தது.

பொழுதுபட வீட்டுக்கு வந்தவனிடம் றிஸ்லா உறையை நீட்டினாள். வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவனால் முடியவில்லை.

"மகள், அந்த மீன் நான்தான்."

அவள் உம்மாவைப் பார்த்தாள். சபூரா தலையாட்டினாள். பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்ப எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா நிண்டீங்க?" என்றுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

"சொல்லாம உட்டிரிக்கலாமே," என்றாள் சபூரா.

"எனக்கெண்டு தெரியாமத்தானே அவ்வளவும் சொன்னா. அத நான் ஒளிச்சு வெச்சிரிக்கேலா."

பிறகு வந்த நாட்களில் வீட்டில் றிஸ்லாவின் சத்தமே இல்லை. சொல்லிக் கெடுத்துவிட்டோமோ என்று அவன் உள்ளுக்குள் குமைந்தான். பிறகொரு காலை, அவன் வேலைக்கு வெளிக்கிடும்போது அவளும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"புள்ளைகள் இடிச்சுத் தள்ளுறாங்க. அந்த வேசத்துக்குள்ள நிண்டா உங்களுக்குப் பக்கத்தில வாறவங்களப் பாக்கேலாதானே. நான் வந்து வரிசையா உடுறன்."

"வா," என்றான்.

அன்று முழுக்க அவள் பேனையும் கையுமாக மீனோடு நின்றாள். முந்திக்கொண்டு வந்த பெரிய பையன்களைக்கூடப் பின்னால் போய் நிற்கச் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், தன்னோடு கோபித்துக்கொண்ட வகுப்புத் தோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

"என்னத்துக்குக் கோபம்?" என்று கேட்டான் முத்தலிப்.

அது பெரிய கதை. அவன் இடையில் கேள்வி கேட்கக் கேட்க இன்னும் நீண்டது. காத்தான்குடி கடந்து, ஆரையம்பதியும் வந்துவிட்ட பிறகுதான் இறங்க மறந்தது இருவருக்கும் தெரிந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்காமல் வந்த வழியே நடந்தார்கள். கதை இன்னும் முடிந்திருக்கவில்லை.