மொஹிங்கா தர மறுத்த பெண்

எந்த ஊருக்குப் போனாலும் தெருக்கடைகளில் சாப்பிட்டே அதைத் தெரிந்துகொள்வது என் வழக்கம். ஆனால் சைவம் மட்டும்தான். பர்மாவின் யாங்கோனில் ஒரு காலை, பசுந்தாங் சந்தையோரம் ஒரு பெண் மொஹிங்கா விற்றுக்கொண்டிருந்தார். அரிசி நூடுல்ஸ் மேல் மஞ்சள் குழம்பு, நொறுக்கிய பருப்பு வடை. சாம்பார் மாதிரி ஏதோ என்று நினைத்துக் கை நீட்டினேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். தலையசைத்து மறுத்துவிட்டு, கிண்ணத்தைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். மறுபடி கேட்டேன். மறுபடி மறுத்தார்.

“வெளியூர்க்காரின்னா அவ்வளவு இளக்காரமா?” என்று தமிழில் முணுமுணுத்தேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “அக்கா, இதுல மீனு. அரைச்சுப் போட்டது, பார்த்தா தெரியாது. நீங்க விபூதி வெச்சிருக்கீங்க. எங்கப்பா தமிழு. எனக்குத் தமிழ்ப் பேச்சு சட்டுன்னு வராது, இப்பத்தான் வந்துச்சு.”

கூசிப்போய், “மன்னிச்சிடும்மா” என்றேன்.

அவரோ, காத்திருந்தவர்களிடம் பர்மியத்தில் ஏதோ சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து அடுத்த சந்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த கடைக்காரரிடம் மீன், கறி எதுவும் கூடாதென்று விளக்கினார். சூடான கடலைமாவுக் கூழ் ஊற்றிய நூடுல்ஸ் வந்தது. அவ்வளவு ருசி!

“நல்லாருக்கா அக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

அவர் இடத்தில் நான் இருந்தால், என்னைத் திட்டியவளுக்காக அடுப்பை விட்டு நடந்திருப்பேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.