உட்காராத சந்திரிகா அக்கா

"இன்னும் என்னா உக்காந்துகிட்டே இருக்கீங்க? வேர் விட்டுடும் லா!"

காலை ஒன்பது மணிக்குள் ஆறாவது தடவை. பினாங்கு மலையில் மூன்று நாள் நடை. இன்று இரண்டாம் நாள். பதினொரு பேரில் யார் பாறையில் சாய்ந்தாலும், யார் சப்பாத்தைக் கழற்றிக் காலில் ரத்தம் குடிக்கும் அட்டை தேடினாலும், சந்திரிகா அக்காவின் குரல் முதுகில் வந்து தட்டும். நஜ்வா கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால்கூட, "தின்னுகிட்டே நட. வாய்தானே திங்குது, காலு சும்மாதானே இருக்கு?"

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் சூப்பர்வைசர். கழிவறைக்குப் போன பெண் எத்தனை நிமிடத்தில் திரும்பினாள் என்று கணக்குப் பார்த்த கைக்கடிகாரம் இப்போது புதருக்குப் பின்னால் ஒதுங்குபவர்களைக் கண்காணிக்கிறது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நின்றுகொண்டே பிரித்து, நின்றுகொண்டே முடிப்பார். நிற்கும்போதும் சும்மா நிற்பதில்லை. சுடுமணலில் நிற்பவரைப் போலக் கால் மாற்றிக்கொண்டே இருப்பார்.

"அக்காவுக்கு இன்ஜினை ஆஃப் பண்ணத் தெரியாது" என்று சிரிப்பாள் நஜ்வா.

ஆஃப் பண்ணினால் மறுபடி கிளம்பாது என்பது அக்காவுக்குத்தான் தெரியும். வலது முழங்கால். நடக்கிறவரை நடக்கும், ஐந்து நிமிடம் மடக்கினால் பூட்டிக்கொள்ளும். போன வருடம் இரண்டாம் நாள் பொண்டோக்கில், அந்தத் தகரக்கூரைக் குடிலில், பெஞ்சில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் தவித்ததைக் குழுத்தலைவர் சாதிக் பார்த்துவிட்டார். மறுநாள் காலை காலி கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவே அக்காவை ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பினார். அதற்கு முந்தின வருடமும் அதே ஜீப். மூன்றாம் நாள் முகட்டில் கடல் இரண்டு பக்கமும் தெரியும். அக்கா அதை மற்றவர்களின் கைபேசியில்தான் பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் அதே பொண்டோக். கேத்தலில் தேத்தண்ணி கொதித்தது. மலையேறுகிறவர்களே முறைவைத்து நடத்தும் இடம். குடித்தவர் தன் கோப்பையைத் தானே கழுவி ஆணியில் மாட்டவேண்டும். குழாயோ தரையிலிருந்து ஒரு சாண். குந்தாமல் கழுவ முடியாது.

சாதிக் தன் கோப்பையோடு குழாயடியில் நின்று, எழுகிற ஒவ்வொருவரின் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்கக்கா, நான் கழுவுறேன்" என்றாள் நஜ்வா.

"நீ ஒன் வேலையைப் பாரு லா."

அக்கா குந்தினார். கழுவினார். எழவில்லை.

"நஜ்வா, இதா நீ கழுவுன லட்சணம்? ஓரமெல்லாம் கறை. கியூசி ஃபெயில்! கொண்டா இங்க. எல்லாரும் கொண்டாங்க!"

ஆணியில் மாட்டிய கோப்பைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. அக்கா மணல் போட்டுத் தேய்த்தார். பிறகு கேத்தல் மூடி. பிறகு கரண்டி. பிறகு, யாரும் கேட்காமலே, குழாய். இடது கை மட்டும் முழங்காலை அமுக்கிக்கொண்டே இருந்தது. கழுவ இனி ஒன்றுமில்லை.

சாதிக் குனிந்து கையை நீட்டினார். "போதும்கா. புடிச்சிக்கிட்டு எந்திரிங்க. காலைல ஜீப்பு வருது."

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். சாதிக்கின் இன்னொரு கையில் இன்னும் குடித்து முடிக்காத கோப்பையையும் பார்த்தார்.

"மொதல்ல அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சு முடி தம்பி. ஒன் கோப்பையையும் கழுவி வைக்கிறதுக்குள்ள நானே எந்திரிச்சிடுவேன் லா."