இரண்டாம் முறை கேட்டவர்

ஜமால் இறந்த செய்தியை அவருடைய மகள் நஸ்ரின்தான் தொலைபேசியில் சொன்னாள். நான் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் மகன் வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், வாப்பா மார்னிங் இறந்துட்டாங்க. நாளைக்கு மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நீங்க வருவீங்களா?"

"உங்களுக்கு இருக்கிற வேலையில நான் வேற எதுக்கும்மா சிரமம்" என்றேன்.

"இட்ஸ் ஓகே அங்கிள், ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று வைத்துவிட்டாள். காபியைக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

ஜமாலை டெக்சாஸில் இர்விங் நகரில் மளிகைக் கடை வைத்திருந்தவராக உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் அவரை முதலில் பார்த்தது 1993இல், அதே டெக்சாஸில் நாங்கள் படித்த பல்கலைக்கழகத்தில், பாத்திரம் கழுவும் வேலைக்காக நின்ற வரிசையில்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஈரோட்டில் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்காக வந்திருந்தேன். துறை தந்த உதவித்தொகை முதல் ஆண்டோடு நின்றது. மாணவர் விசாவில் வளாகத்துக்குள் மட்டும், வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கலாம். வெளியே பெட்ரோல் பங்குகளில் ரகசியமாக வேலைக்கு நின்றவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. வளாகத்தில் வேலை கிடைக்காவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பதினான்கு அலுவலகங்களை நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கடிதம் கொடுத்திருந்தேன். நேரில் கேட்கக் கூச்சம். ஒன்றுக்கும் பதில் இல்லை. பதினைந்தாவது இடம், மாணவர் உணவுக்கூடம். அங்கே கடிதம் வாங்கமாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மேலப்பாளையத்து இளைஞர்தான் ஜமால். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் 'சார்வாள்' என்று கூப்பிடத் தொடங்கினார். கடைசிவரை அதுதான்.

மேற்பார்வையாளர் லிண்டா என் விண்ணப்பத்தைப் பார்த்தார். ஓர் இடம்தான் இருக்கிறது, திங்கட்கிழமை தொடங்கலாம், வேண்டுமா என்று கேட்டார். நான் புன்னகையோடு, "பரவாயில்லை, எனக்காகச் சிரமப்பட வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. முதல் தடவை கேட்டதும் யாரும் காபிகூட வாங்கமாட்டோம். அவர் மறுபடி கேட்பார் என்று நின்றேன். அவர் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வேலை ஜமாலுக்குக் கிடைத்தது. வெளியே வந்தவர் பெஞ்சில் என்னைப் பார்த்தார்.

"என்ன சார்வாள், வேலைய வேண்டாம்னுட்டு இங்க உக்காந்திருக்கீங்க?"

"வேண்டாம்னு சொல்லலைங்க. மறுபடி கேப்பாங்கன்னு பார்த்தேன்."

"அந்தம்மா என்ன உங்க சம்பந்தியா, இன்னொரு தடவ கேக்கதுக்கு?"

அப்போது அவர் சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. என் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது, இவரிடம் இரண்டு தடவை கேட்க வேண்டும் என்று லிண்டாவிடம் விளக்கினார். ஓர் இடம்தானே இருக்கிறது என்றார் லிண்டா. "வாரத்தில் பத்து மணி நேரம் இவருக்கு, பத்து எனக்கு" என்றார் ஜமால். லிண்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் மறுபடி கேட்டார். அப்போதும் என் வாயில் 'பரவாயில்லை'தான் வந்தது. ஜமால் என் காலை மிதித்தார். "சரி" என்றேன்.

வெளியே வந்து நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். காலை ஷிஃப்ட் உங்களுக்கு. எனக்கு அஞ்சு மணிக்கு முழிப்பு வராது."

அந்தப் பத்து மணி நேரத்தையும், வேலை நாளில் கிடைத்த சாப்பாட்டையும், கையிலிருந்த சேமிப்பையும் வைத்துப் படிப்பை முடித்தேன். முழு இருபது மணி நேரமும் அவருக்கும் தேவைப்பட்டிருக்கும். எப்படிச் சமாளித்தார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு இர்விங்கில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கரண்டியோடு பக்கத்தில் நிற்பார். "மொத தடவ கேட்டாச்சு சார்வாள். இது ரெண்டாவது. மூணாவது கிடையாது." நான் தட்டை நீட்டுவேன். நஸ்ரின் சின்னப் பெண்ணாக அதைப் பார்த்துச் சிரிப்பாள். அது எதற்கென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

அன்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது மறுபடி அடிக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நானே கூப்பிட்டேன்.

"நஸ்ரின், நான் வரேம்மா."

"ஓகே அங்கிள். ஏர்போர்ட்டுக்கு நான் வந்து பிக்கப் பண்றேன்."

"சரிம்மா."

அடக்கத்தில் எல்லாரோடும் நின்று மண் போட்டேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. இதை எழுதும்போதாவது வரும் என்று நினைத்தேன்.

ஜமாலிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் 'சரி' ஒன்றுதான். அதுவும் எனக்கு இன்னும் பழகவில்லை. அடக்கத்தன்று மாலை ஜமால் வீட்டில் நஸ்ரின் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிடறீங்களா அங்கிள்?"

ஒரு தடவைதான் கேட்டாள்.

"குடும்மா" என்றேன். சாப்பிட்டு முடித்து, தட்டை நானே கழுவி வைத்தேன்.